காணாமல் போன டி டிரைவ்

அத்தியாயம் பதினேழு

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தாரணி கம்ப்யூட்டரைப் போட்டபோது அதில் சி டிரைவ் மட்டும் இருந்தது. டி டிரைவைக் காணவில்லை.

முதலில் அவள் பதறவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி போட்டாள். விண்டோஸ் நிதானமாக எழுந்து வந்தது. சி இருந்தது. சி.டி. ரைட்டர் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டியது இல்லை.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். "கொஞ்சம் வந்து பாருங்களேன்."

ரகுராம் வாயில் பிரஷ்ஷுடன் எட்டிப் பார்த்தான். "என்ன?"

"டி டிரைவ் தெரியல."

"ரீஸ்டார்ட் பண்ணினியா?"

"பண்ணிட்டேன்."

"வாயைக் கழுவிட்டு வர்றேன். நீ எதையும் தொடாதே."

அந்த இரண்டாவது ஹார்டு டிஸ்க்கில் இருந்தது தாரணியின் ஏழரை நாள். வைட்ஃபீல்டில் இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத ஓர் அபார்ட்மெண்ட்டை அவள் கம்ப்யூட்டருக்குள் கட்டி முடித்திருந்தாள். கதவு திறக்கும், ஹாலுக்குள் போகலாம், சமையலறையைச் சுற்றிக்கொண்டு பால்கனிக்கு வரலாம். மொத்தமே ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடிப் படம். ஆனால் ஒரு வினாடிக்கு இருபத்தைந்து பிரேம், ஒரு பிரேமைக் கம்ப்யூட்டர் வரைந்து முடிக்க நாலு நிமிடம் என்று இரண்டாயிரத்து எழுநூறு பிரேம்கள். ஏழரை நாளும் அந்த மெஷினை யாரும் அணைக்கவில்லை. பின் அறை அடுப்படி மாதிரி சுட்டது. நேற்று மதியம்தான் எல்லாம் முடிந்து படம் முழுசாகச் சேர்ந்தது. சாயங்காலம் கடைக்குப் போய்ப் புது சி.டி. வாங்கி வந்து வைத்துவிட்டு, காலையில் பதிவு செய்துகொள்ளலாம் என்று படுத்தாள்.

இன்று மூன்று மணிக்கு வைட்ஃபீல்ட் கம்பெனியில் அந்தப் படத்தைக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் ஐந்து பேர் கொண்ட ஒரு புதுப் பிரிவுக்குத் தாரணிதான் தலைவி.

ரகுராமுக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அமெரிக்காவில் யாரோ ஒரு கிளையண்ட் கையை விரித்ததில் ஒரே மத்தியானத்தில் நாற்பது பேரை அனுப்பிவிட்டார்கள். அதில் அவனும் ஒருவன். போன ஞாயிற்றுக்கிழமை பானஸ்வாடியில் சொந்தக்காரர் வீட்டுக் கிருகப்பிரவேசத்தில் ஒருவர், "ரகு இப்ப என்ன பண்றான்?" என்று கேட்டார். "மூணு பேப்பரையும் ஒரு வரி விடாம படிக்கறாரு," என்றாள் தாரணி. பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். ரகுராமும் சிரித்தான்.

தாரணி அதை அன்றே மறந்துவிட்டாள்.

ரகுராம் முகம் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். கம்ப்யூட்டர் எழும்போது ஒரு பட்டனைத் தட்டி, விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே நீலத் திரையை வரவழைத்தான்.

"இது பயாஸ். மெஷினுக்கு என்னென்ன மாட்டியிருக்குன்னு இதுக்குத்தான் முதல்ல தெரியும்." விரலால் காட்டினான். "முதல் டிஸ்க் இருக்கு பாரு. ரெண்டாவது எடத்துல 'நன்'னு, ஒண்ணும் இல்லைன்னு வருது. இங்கேயே தெரியலைன்னா விண்டோஸைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல."

"அப்படின்னா?"

"கேபிளா இருக்கலாம். பவரா இருக்கலாம். டிஸ்க்காவும் இருக்கலாம். பொறு, பாத்துடலாம்."

அந்தக் குரலைத் தாரணி பல மாதங்களாகக் கேட்டிருக்கவில்லை. ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் போனில் தன் டீமோடு அவன் பேசும் குரல். அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ரகுராம் மேஜைக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். நாலு ஸ்க்ரூவும் விரலுக்கே கழன்று வந்தன. அகலமான சாம்பல் நிறக் கேபிளைப் பிடுங்கி, ஊதி, மறுபடி அழுத்தினான். பவர் வயரை மாற்றிச் செருகினான். ஒவ்வொரு தடவையும், "இப்பப் போடு," என்றான். தாரணி போட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே 'நன்' வந்தது.

டிஸ்க்கையே வெளியே எடுத்தான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஜம்பர் சரியாத்தான் இருக்கு," என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னான்.

"அது என்னது?"

"ஒண்ணுமில்ல. செட்டிங். அது சரியா இருக்கு." டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, பவர் கொடுத்து, குனிந்து அதன் மேல் காதை வைத்தான். வெகு நேரம் அப்படியே இருந்தான். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கினான். "நீ கேளு."

தாரணி தரையில் மண்டியிட்டுக் காதை வைத்தாள்.

"டிக் டிக்னு ஒரு சத்தம் வருதா? உள்ள தட்டுற மாதிரி?"

அவளுக்கு ஓர் இரைச்சல் மட்டும் கேட்டது. ஆனால் பன்னிரண்டு வருஷம் கம்ப்யூட்டரோடு இருந்தவன் கேட்கிறான். அவள் இன்னும் கொஞ்சம் அழுத்திக் காதை வைத்தாள்.

"கேக்குதா?"

"கேக்குது," என்றாள்.

ரகுராம் பெருமூச்சு விட்டான். "உள்ள படிக்கற ஹெட் போச்சு. ஏழு நாள் நிக்காம ஓட்டினா பாவம், அது என்ன பண்ணும்? நான் அப்பவே சொன்னேன்."

அவன் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. ஆனாலும், "ஆமாங்க," என்றாள். மண்டியிட்ட நிலையிலேயே அழ ஆரம்பித்தாள்.

வாசலில் மரகதம் வந்து நின்றாள். ரகுராமின் அம்மா. கையில் காபி டம்ளர். மகனையும் மருமகளையும் திறந்து கிடந்த பெட்டியையும் ஒருமுறை பார்த்தாள். டம்ளரை மகனிடம் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள்.

"கிருஷ்ணப்பாவக் கேட்டுப் பாக்கட்டுமா?" என்றாள் தாரணி. எஸ்.பி. ரோட்டில் கடை வைத்திருக்கும் கிருஷ்ணப்பாதான் அந்தக் கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்தவன்.

"அவன் ஸ்க்ரூ முடுக்கறவன். அவனுக்கு என்ன தெரியும்?" ரகுராம் அவள் தலையைத் தடவினான். "முதல்ல கம்பெனில அந்தம்மாவுக்கு போன் பண்ணு. கௌரவமா நாமே சொல்லிடலாம். டிஸ்க் ஃபெயில் ஆயிடுச்சு, காட்ட ஒண்ணுமில்ல, இன்னொரு சமயம் பாக்கலாம்னு சொல்லு."

"இன்னொரு சமயம் தருவாங்களா?"

"தரலைன்னா போறாங்க. உன் திறமை எங்க போயிடும்?"

ஹாலில் இருந்த போனில் அவளையே டயல் செய்ய வைத்து, பக்கத்தில் நின்றுகொண்டான். அவள் தடுமாறிய இடங்களில் மெல்லிய குரலில் வார்த்தை எடுத்துக் கொடுத்தான்.

மறுமுனையில் தமயந்தி பொறுமையாகக் கேட்டாள். அந்தக் கம்பெனியின் டிசைன் பிரிவே அவள் கையில்தான். "தாரணி, எங்கிட்ட இருக்கிறது இன்னைக்கு ஒரு நாள்தான். நாலரைக்கு இன்னொருத்தர் வர்றாங்க. சாயங்காலம் முடிவு பண்ணியாகணும். எதுவானாலும் மூணு மணிக்கு வந்துடுங்க. பழைய வேலை ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க."

"பழைய வேலையும் அதே டிஸ்க்லதான் மேடம் இருக்கு."

"ஸாரி," என்றாள் தமயந்தி. அது உண்மையான வருத்தம் போலவே இருந்தது.

ரகுராம் சட்டை மாட்டிக்கொண்டான். கோரமங்களாவில் செத்த டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தரும் ஆள் ஒருவர் இருக்கிறார், விசாரித்துவிட்டு வருகிறேன் என்றான்.

"டிஸ்க்கைக் கையோட எடுத்துட்டுப் போங்களேன்."

"பஸ் ஆட்டத்துல இருக்கிறதும் போயிடும். நான் பேசிட்டு வர்றேன். நீ மட்டும் அதைத் தொடாதே, தாரணி. தொட்டேன்னா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

வாசல் வரை போனவன் திரும்பி வந்து, மேஜை மேல் இருந்த கைக்குட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

பதினோரு மணி வரை தாரணி தொடவில்லை. திறந்து கிடந்த பெட்டிக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யார் மேலும் கோபம் வரவில்லை. மெஷினை அப்படி ஓட்டியது தன் பேராசைதான் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். நேற்று வாங்கிய சி.டி. கண்ணாடித் தாள்கூடப் பிரிக்காமல் கீபோர்டு மேல் கிடந்தது.

தொட்டாலும் தொடாவிட்டாலும் மூன்று மணிக்குக் காட்ட ஒன்றும் இல்லை என்று உறைத்த பிறகுதான் அவள் எழுந்து ஹாலுக்குப் போய்க் கிருஷ்ணப்பாவின் நம்பரைச் சுற்றினாள்.

"டிஸ்க் தெரியலையா? ஹௌதா, அப்படியா?" என்றான் கிருஷ்ணப்பா. "எது மேடம், சின்னதா, பெருசா?"

"பெருசு. நாப்பது ஜி.பி."

"மெஷினைப் போட்டுட்டு டிஸ்க் மேல கையை வெச்சுப் பாருங்க. சுத்துதான்னு வந்து சொல்லுங்க. நான் லைன்ல இருக்கேன்."

ரிசீவரைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்தாள். "சுத்துது. லேசா அதிருது."

"டிக் டிக்னு தட்டுதா?"

"தட்டுதுன்னு சொன்னாரு."

"யாரு சொன்னாங்கன்னு கேக்கல மேடம். உங்க காதுக்குக் கேக்குதா?"

தாரணி மறுபடி போனாள். மறுபடி மண்டியிட்டாள். ஃபேன் சத்தம், தெருவில் போன ஆட்டோ சத்தம், அதற்குக் கீழே டிஸ்க்கின் சத்தம். சீராக, ஒரே இழையாக ஓடியது. எதுவும் தட்டவில்லை. எத்தனை நேரம் கேட்டாலும் தட்டவில்லை.

"இல்ல கிருஷ்ணப்பா. ஒரே மாதிரி ஓடுது. வேற சத்தமே இல்ல."

"அப்ப அது சாகல மேடம். பயப்படாதீங்க. ஆஃப் பண்ணிட்டு டிஸ்க்கைக் கழட்டுங்க. பின்னாடி, கேபிள் சொருகுற எடத்துக்கும் பவர் சொருகுற எடத்துக்கும் நடுவுல பொடிப்பொடியா பின்னு இருக்கும். அதுல ஒரு குட்டி பிளாஸ்டிக் மூடி மாட்டியிருக்கும். ஜம்பர்னு பேரு. அது எந்தப் பின்னுல இருக்குன்னு பாருங்க."

அவள் ரிசீவரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பியபோது ரிசீவர் திரும்பப் போன் மேல் இருந்தது. பக்கத்தில் மரகதம் நின்றுகொண்டிருந்தாள்.

"பேசி முடிச்சிட்டேன்னு நெனச்சேன்," என்றாள். "அதான் எடுத்து வெச்சேன்."

"பேசிட்டுதான் அத்தை இருந்தேன்."

"அவன்தான் எல்லாம் பாத்துட்டான்ல? திரும்பத் திரும்ப நீ என்னத்துக்கு அதை நோண்டுற? சும்மா விடும்மா."

தாரணி மறுபடி சுற்றினாள். எங்கேஜ்டு. மறுபடி சுற்றினாள். எங்கேஜ்டு. ஐந்தாவது தடவை கிடைத்தது. மரகதம் நகரவில்லை.

"டிஸ்க் மேல ஸ்டிக்கர்ல படம் போட்டிருக்கும்," என்றான் கிருஷ்ணப்பா. "அதோட ஒத்துப் பாருங்க."

தாரணி டிஸ்க்கை ஜன்னல் பக்கம் திருப்பினாள். "மாஸ்டர்னு ஒரு படம் இருக்கு. அதே மாதிரிதான் மாட்டியிருக்கு."

"அய்யோ, அது தப்பு. பழைய டிஸ்க்தான் மாஸ்டர். இதை நான் பக்கத்துப் பின்னுல, ஸ்லேவ்னு, ரெண்டாவது டிஸ்க்னு வெச்சுத்தான் குடுத்தேன். ஒரே கேபிள்ல ரெண்டுமே மாஸ்டர்னு இருந்தா இது கண்ணுக்குத் தெரியாது மேடம். அவ்வளவுதான் விஷயம். டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல."

"ஆறு மாசமா ஓடிச்சே. தானா நகந்திருக்குமா?"

"அதை நகத்தால எடுக்கறதே கஷ்டம் மேடம். ப்ளக்கர் மாதிரி ஏதாவது வேணும். தானா எப்படி நகரும்? வீட்ல யாராவது மாத்தியிருப்பாங்க. எதுக்கும் கேட்டுப் பாருங்க." பிறகு அவசரமாக, "ரகு சார் இருக்காரா? அவருக்கு இதெல்லாம் நல்லாத் தெரியுமே," என்றான்.

"வெளிய போயிருக்காரு," என்றாள் தாரணி. போனை வைத்தாள்.

புருவம் திருத்தும் ப்ளக்கரை எடுத்து வந்து அந்தக் கறுப்பு மூடியைப் பிடுங்கினாள். அரிசி அளவுகூட இல்லை. பக்கத்துப் பின்னில் வைத்து அழுத்தினாள். டிஸ்க்கை மாட்டி, கேபிளைச் சொருகி, ஸ்விட்சைப் போட்டாள்.

நீலத் திரையில் இரண்டாவது இடத்தில் டிஸ்க்கின் பெயர் வந்தது.

டி டிரைவைத் திறந்தாள். இரண்டாயிரத்து எழுநூறு பிரேம்களும் இருந்தன. முழுப் படமும் இருந்தது. ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். கதவு திறந்தது. சி.டி.யைப் பிரித்து உள்ளே தள்ளிப் பதிவைத் தொடங்கினாள். ஏழு நிமிடம் ஆகும் என்று திரை சொன்னது.

அந்த ஏழு நிமிடத்தில் அவள் சமையலறைக்குப் போனாள்.

"அத்தை, நேத்து சாயங்காலம் நான் சி.டி. வாங்கப் போனப்ப அந்த ரூம்ல யாரு இருந்தா?"

மரகதம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அவன்தான் இருந்தான்."

"என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"ஸ்க்ரூ டிரைவர் கேட்டான். எடுத்துக் குடுத்தேன்."

"காலைல இருந்து நான் அழுதுட்டிருக்கேன். பாத்துட்டுதான இருந்தீங்க?"

"பாத்துட்டுதான் இருந்தேன்."

கத்தி நின்றது. மரகதம் இப்போது நிமிர்ந்தாள். அவள் முகத்தில் பயமோ வெட்கமோ இல்லை.

"எட்டு மாசமா அவன் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழறான். அது உன் காதுல விழல. பந்தியில அத்தனை பேர் முன்னாடி பேப்பர் படிக்கறான்னு சொன்னியே, அப்ப அவன் இலையில சாப்பாடு அப்படியே இருந்துச்சு. அது உன் கண்ணுல படல. ஒரு நாள் நீ அழுதா என்ன? ஒரு வேலை போனா இன்னொண்ணு உனக்குக் கிடைக்கும். நீ கெட்டிக்காரி. அவனுக்கு இந்த வீட்ல மிச்சம் இருக்கிறது என்ன?"

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்," என்றாள் மரகதம். மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

தாரணி குளித்தாள். பச்சைக் கரை போட்ட சாம்பல் நிறப் புடவையைக் கட்டிக்கொண்டாள். சி.டி.யைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது ரகுராம் உள்ளே வந்தான். மணி ஒன்று. அவன் கையில் ஒரு பார்சல்.

"மசால் தோசை," என்றான். "காலைல இருந்து நீ ஒண்ணும் சாப்பிடல. கோரமங்களா ஆள் ஊர்லயே இல்ல. பரவால்ல, அழுது என்ன ஆகப்போகுது, முதல்ல..."

புடவையைப் பார்த்து நிறுத்தினான். அவளைத் தாண்டி அறைக்குள் பார்த்தான். திரையில் டி டிரைவ் திறந்தபடி இருந்தது. வரிசை வரிசையாகப் பிரேம்கள்.

"கிடைச்சிடுச்சா?" என்றான். குரல் சாதாரணமாகவே இருந்தது.

"கிடைச்சிடுச்சு."

"எப்படி?"

"ஜம்பர். நீங்க கையில வெச்சுப் பாத்துட்டு சரியா இருக்குன்னு சொன்னீங்கல்ல, அது."

அவன் பார்சலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"நான் எதையும் அழிக்கல, தாரணி. அழிக்கணும்னா ரெண்டு நிமிஷ வேலை. நான் அழிக்கல."

"தெரியும். எண்ணிப் பாத்துட்டேன்." அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "சாயங்காலம் நீங்களே சரி பண்ணிக் குடுத்திருப்பீங்க, இல்லையா? எல்லாம் முடிஞ்ச பிறகு, ஆறு ஏழு மணிக்கு. எப்படியோ உயிர் வந்துடுச்சுன்னு சொல்லியிருப்பீங்க. நான் உங்க ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு அழுதிருப்பேன்."

ரகுராம் அவளைப் பார்க்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அந்த நேரத்தில்கூட அப்படி ஒரு வார்த்தை அவளுக்கு வேண்டியிருந்தது. அவன் சொல்லவில்லை.

தாரணி அவன் கையிலிருந்த பார்சலை வாங்கி, சமையலறை வாசலில் நின்ற மரகதத்திடம் கொடுத்தாள்.

"சூடு ஆறிடப்போகுது அத்தை. உங்க புள்ளைக்குத் தட்டுல போட்டுக் குடுங்க."

ஆட்டோ ஏர்போர்ட் ரோட்டில் நகர்ந்து நகர்ந்து, மாரத்தஹள்ளியில் இருபது நிமிடம் நின்று, மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வைட்ஃபீல்டில் அவளை இறக்கியது.

இருட்டாக்கிய அறையில் தமயந்தியும் இன்னும் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். படம் ஓடியது. இரண்டாம் தடவை ஓட்டச் சொன்னார்கள். மூன்றாம் தடவை ஓடும்போது தமயந்தி ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"அந்த நாற்காலி தரையைத் தொடல. ரெண்டு இன்ச் மேல மிதக்குது."

தாரணி பார்த்தாள். உண்மைதான். ஏழரை நாளில் அவள் கண்ணில் படாதது. "ஆமா மேடம். என் தப்புதான். அந்தப் பிரேம்களை மட்டும் திரும்ப எடுத்துடலாம்."

"சால்ஜாப்பு சொல்லாம ஒத்துக்கிட்டீங்க," என்றாள் தமயந்தி. விளக்கைப் போடச் சொன்னாள். மற்ற இருவரும் எழுந்து தாரணிக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். "நாலரைக்கு வர்றவங்களையும் பாத்துடறோம், அது மரியாதை. ஆனா எனக்கு முடிவாயிடுச்சு. ஒண்ணாம் தேதி வந்துடுங்க. காலைல போன்ல பேசினப்போ டிஸ்க் செத்துடுச்சுன்னீங்க. எப்படிச் சரியாச்சு?"

"சின்ன செட்டிங் மாறியிருந்தது மேடம்."

தமயந்தி மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். "இன்னொரு விஷயம். உங்க யூனிட்டுக்கு எட்டு மெஷின் வருது. ராத்திரி பகலா ஓடும். அதைப் பாத்துக்க ஒரு சிஸ்டம்ஸ் ஆள் வேணும். வந்த ரெஸ்யூம் எல்லாம் பாத்துட்டிருந்தேன். இதுல அட்ரஸும் போன் நம்பரும் உங்களோடதா இருக்கு. யாரு இது?"

தாரணி வாங்கிப் பார்த்தாள். ரகுராமின் ரெஸ்யூம். ஜூன் நாலாம் தேதி அனுப்பியது. இந்தக் கம்பெனியைப் பற்றி அவள் வீட்டில் முதன்முதலாகப் பேசிய வாரம். அவளுக்கே இன்னும் அழைப்பு வராத வாரம். பன்னிரண்டு வருஷ அனுபவம் வரிசையாக இருந்தது. மேலே ஒரு சின்னக் கடிதம். அதன் கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்தாள். எந்தப் பொறுப்பானாலும், எந்த நிலையிலானாலும் சம்மதம்.

பதில் வருமா என்று ஒன்றரை மாதம் அவன் யாரிடமும் சொல்லாமல் காத்திருந்திருக்கிறான். வந்தது அவளுக்கான அழைப்பு. அன்று ஹாலில் போனை எடுத்து, "தாரணி, உனக்குத்தான்," என்று நீட்டியது அவன்தான்.

காகிதத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வினாடி இருக்கும். அந்த ஐந்து வினாடியில் அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். வேண்டாம் மேடம் என்றிருக்கலாம். வேறு பிரிவில் போடுங்கள் என்றிருக்கலாம்.

அவளுக்கு நினைவு வந்தது, தரையில் மண்டியிட்டு, கேட்காத சத்தத்தைக் கேட்பதாகத் தான் சொன்னது.

"என் ஹஸ்பண்ட்," என்றாள்.

"ஓ. நல்ல ஆளா? வேலையைக் கேக்கறேன்."

"ஹார்டுவேர், சாஃப்ட்வேர் ரெண்டும் நல்லாத் தெரியும் மேடம். எடுத்துக்கலாம்."

"வேற டீம்ல ஏதாவது காலி இருக்கான்னு பாக்கட்டுமா?"

"வேணாம் மேடம். என் யூனிட்லயே போடுங்க."

தமயந்தி அவளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தாள். "உங்களுக்குக் கீழ. சங்கடமா இருக்காதா?"

"எனக்கு இருக்காது," என்றாள் தாரணி.

அவள் வீடு திரும்பியபோது மணி ஆறு. யாரும் எதுவும் கேட்கவில்லை. ரகுராம் ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் வைக்கவில்லை. தாரணி அறைக்குள் போய்ப் பையை வைத்தாள்.

ஆறே முக்காலுக்குப் போன் அடித்தது. ரகுராம் எடுத்தான்.

"யெஸ், ரகுராம்தான் பேசறேன்." சாய்ந்திருந்தவன் எழுந்து நின்றான். "ஆமா மேடம். ஜூன்ல அனுப்பினேன். இல்ல மேடம், இப்ப எங்கயும் இல்ல. உடனே சேரலாம். ஒண்ணாம் தேதியா? தாராளமா."

மரகதம் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள். ரகுராம் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "வேலைம்மா," என்றான். எட்டு மாதத்தில் அப்படி ஒரு முகத்தோடு அவன் நின்றதில்லை. மரகதம் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"எட்டு மெஷினா? பாத்துக்கலாம் மேடம். யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும்?"

தாரணி அறை வாசலில் வந்து நின்று காதுத் தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

ரகுராம் வெகு நேரம் கேட்டுக்கொண்டே நின்றான். அவன் கண் மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

"இருக்கேன் மேடம். லைன்லதான் இருக்கேன்," என்றான். பிறகு, "திங்கக்கிழமை சொல்றேன்," என்றான். ரிசீவரை வைக்கும்போது அது தவறி விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தான்.

மரகதம் அதற்குள் சர்க்கரை டப்பாவோடு வந்துவிட்டாள். "வாயைத் திற. திறடா." ஒரு ஸ்பூன் நிறைய அவன் வாயில் போட்டாள். அவள் கண்ணில் நீர் வழிந்தது. "நான் வேண்டாத தெய்வம் இல்ல. எந்த மகராசன்டா கண்ணு, உன்னை எடுத்துக்கிட்டது? பேரைச் சொல்லு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா அவன் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வர்றேன்."

சர்க்கரை முழுக்கக் கரைந்த பிறகும் ரகுராம் வாயைத் திறக்கவில்லை.

"அத்தை கேக்கறாங்கல்ல," என்றாள் தாரணி. "சொல்லுங்க."